நிழல் விழுகிறதே, பாட்டி!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. கோடை விடுமுறை முடிந்து நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மறுபடியும் தொடங்கிய நாள். ஊருக்குப் போய் வந்த குழந்தைகள் ஆளுக்கொரு செய்தியோடு வந்திருந்தார்கள். ஒருத்தி மாமா கல்யாணத்தில் இரண்டு பட்டுப்பாவாடை கிடைத்ததைச் சொன்னாள். இன்னொருவன் தாமிரபரணியில் குளித்ததைச் சொன்னான். நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் மட்டும் மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு தன் அம்மாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். திரையில் தஞ்சைப் பெரிய கோயில். மாலை வெயில். விமானத்தின் நிழல் பிராகாரத் தரையில் நீளமாகப் படுத்திருந்தது.

"நிழல் விழுதே, பாட்டி! விழாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். அவனுக்கு மட்டுமல்ல. தில்லியில் ஒரு பள்ளியில் முப்பத்தோராண்டுகள் தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற்ற பின் நம் சங்க வகுப்பில் தமிழ் சொல்லித் தருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ குழந்தைகளிடம், "பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, அப்படிக் கட்டினான் இராஜராஜன்" என்று கண்கள் விரியச் சொல்லியிருக்கிறேன். எனக்கு என் தாத்தா சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ! நானும் தஞ்சைக்குப் பலமுறை போயிருக்கிறேன். சுவாமி தரிசனம் செய்தேன், பிரசாதம் வாங்கினேன், திரும்பினேன். ஒருமுறையாவது நிழலைப் பார்த்தேனா என்றால், இல்லை. ஒன்பது வயதுச் சிறுவன் பார்த்திருக்கிறான். அவனுடைய பாட்டி கால் வலிக்கிறது என்று சொல்லியும் கேளாமல், மாலைவரை அங்கேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

கோயில் விமானம் மேலே போகப்போகக் குறுகுவது. தஞ்சையில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும் உச்சிவேளையில் நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த வேளையில் பார்த்தவர்கள் சொன்ன பேச்சு, காலப்போக்கில் "எந்த நேரமும் விழாது" என்று வளர்ந்திருக்கலாம். காலையிலும் மாலையிலும் எல்லாக் கட்டடங்களையும் போல அதற்கும் நிழல் உண்டு. இதை அவனிடம் விளக்கினேன். தலையாட்டினான். ஆனால் அடுத்து அவன் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"அப்போ நீங்க சொன்ன மத்ததெல்லாம் நிஜமா, பாட்டி?"

அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான் இக்கட்டுரை. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வரலாற்றை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் என் கருத்து மாறிவிட்டது. நம் சங்கத்து அன்பர்களும் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன்.

முதலில் நம் குழந்தைகள் பள்ளியில் என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்போம். மத்தியப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்புவரை வரலாறு என்று தனிப் பாடம் கிடையாது. முன்பு சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரில் இருந்த பாடம், 2023இல் வந்த தேசியக் கலைத்திட்டத்தின்படி மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை 'நம்மைச் சுற்றியுள்ள உலகம்' என்று ஆகியிருக்கிறது. குடும்பம், அக்கம்பக்கம், நீர், உணவு, தொழில், பயணம் என்று அதில் எல்லாம் கலந்து வரும். அரசர்களும் ஆண்டுகளும் ஆறாம் வகுப்பில்தான் தலைகாட்டுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு நேற்றைக்கும் போன வருஷத்துக்குமே வேறுபாடு சரியாகப் புரியாது. அதனிடம் போய் கி.பி. 1010 என்றால் என்ன விளங்கும்? "நீங்க இராஜராஜனைப் பார்த்திருக்கீங்களா, பாட்டி?" என்று என்னையே கேட்ட குழந்தைகள் உண்டு. 1993இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, பள்ளிப்பிள்ளைகளின் சுமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தது. புத்தகப்பையின் கனத்தைவிட, புரியாததைச் சுமப்பதுதான் பெரிய சுமை என்பது அதன் சாரம். ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

குறை வேறிடத்தில் தொடங்குகிறது. நம் பெற்றோருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளைகள் பிறந்து வளர்வது இங்கே. செங்கோட்டையும் குதுப் மினாரும் தெரிகின்றன. சோழன் யார், பாண்டியன் யார் என்று தெரியவில்லை. மேல் வகுப்புகளுக்குப் போனாலும் தென்னாட்டைப் பற்றிப் படிப்பது குறைவு என்கிறார்கள். அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே, "பள்ளியில் சொல்லாததை நம் சங்கத்தில் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். நாமும் சொல்லிக்கொடுக்கிறோம். எப்படி? ஆண்டுவிழாவில் அட்டைக் கிரீடம் வைத்து மாறுவேடப் போட்டி. வினாடி வினாவில் யார் எதைக் கட்டினார், எந்த ஆண்டு கட்டினார். இடையிடையே நிழல் விழாத கோபுரம், உலகத்திலேயே முதலாவது, உலகத்திலேயே பெரியது என்று கைதட்டலுக்குரிய செய்திகள். எது மெய், எது பேச்சுவழக்கு என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பெருமையாக இருந்தால் போதும், மேடைக்கு வந்துவிடும்.

நானும் அப்படித்தான் செய்தேன். அதன் பலனை அந்தச் சிறுவன் என் கண்முன் காட்டினான். ஒரு பொய்ப் பெருமை உடைந்தபோது பக்கத்தில் இருந்த மெய்ப் பெருமையையும் அவன் சந்தேகப்படத் தொடங்கினான். அவன் மேல் தவறில்லை. "எப்படித் தெரியும்?" என்று கேட்க நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே சரியையும் தவறையும் பிரித்தறிய அவனிடம் வழி இல்லை. ஒன்று முழுவதையும் நம்ப வேண்டும். இல்லையேல் முழுவதையும் தள்ள வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு வரலாற்றின் முதல் பாடம் அரசர் பெயரும் அல்ல, ஆண்டும் அல்ல. "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விதான் முதல் பாடம். இதை ஆறு வயதிலேயே தொடங்கலாம் என்பதை நான் இந்த இரண்டு ஆண்டுகளில் கண்டுகொண்டேன்.

எப்படித் தொடங்கினேன் என்று சொல்கிறேன். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டல்லவா? குடமோ, தூக்கோ, குத்துவிளக்கோ வாங்கினால் கடையிலேயே பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். "வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று எடுத்து வாருங்கள்" என்று குழந்தைகளிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு வகுப்பறை பாத்திரக்கடை போல ஆகிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூட, பித்தளைச் சொம்பின் கழுத்தில் தடவித் தடவிப் படிக்க முயன்றது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், என்ன விசேஷம், எந்த ஆண்டு என்று நான்கு கேள்விகள். தமிழ் எழுத்தில் அக்கறை காட்டாத பிள்ளைகளுக்கும் அன்று தமிழ் எழுத்து தேவைப்பட்டது.

ஒரு சிறுமி கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கில் 1963 என்றிருந்தது. "இது பாட்டியோட கல்யாணத்துக்குக் கொடுத்தது, பாட்டிக்குக் கல்யாணம் ஆனது 1961" என்று அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வகுப்பில் பெரிய விவாதம். பாட்டி மறந்திருப்பாரா? கடைக்காரர் தப்பாக வெட்டியிருப்பாரா? அவள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமும், பிறகு தொலைபேசியில் கும்பகோணத்தில் இருக்கும் பெரியபாட்டியிடமும் கேட்டாள். தூக்கு கல்யாணத்துக்கு வந்தது அல்ல, மூத்த பிள்ளை பிறந்தபோது வந்தது என்று தெளிந்தது. பாட்டிக்கு நினைவு பிசகியிருந்தது. பாத்திரம் சரியாகச் சொன்னது. இரண்டு சாட்சியை ஒப்பிடுவது, முரண்பட்டால் மூன்றாவது சாட்சியைத் தேடுவது என்று பெரிய ஆராய்ச்சியாளர்கள் செய்வதை ஏழு வயதுப் பெண் ஒரு தூக்கைக் கொண்டு செய்துவிட்டாள்.

அடுத்தது காலம். இதற்கு ஒரு கொடிக்கயிறும் துணி மாட்டும் கிளிப்புகளும் போதும். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டு, சாணுக்கு ஒரு கிளிப்பு மாட்டினோம். முதல் கிளிப்பு நீ, இரண்டாவது அம்மா, மூன்றாவது பாட்டி. நாடு விடுதலை பெற்ற 1947 பாட்டியின் கிளிப்புக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. இராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010க்குப் போக நாற்பது கிளிப்பு. வகுப்பறையின் எதிர்ச்சுவரில் போய் முட்டியது. அசோகருக்குத் தொண்ணூறு கிளிப்பு வேண்டியிருந்தது. அவர் வாசலைத் தாண்டி மாடிப்படிவரை போய்விட்டார். "அசோகர் இவ்வளவு தூரமா!" என்று ஒரு குழந்தை படியில் நின்று கத்தியது. முப்பத்தோராண்டு ஆசிரியப் பணியில் எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி இந்த வியப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பாத்திரமும் கயிறும் கைக்கு வந்த பிறகுதான் மறுபடியும் பெரிய கோயிலுக்குப் போனேன். "இராஜராஜன்தான் கட்டினான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பாத்திரத்துல மாதிரி பேர் வெட்டியிருக்குமோ?" என்றான் ஒருவன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆமாம், வெட்டியிருக்கிறது. தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்று அந்த மன்னன் ஆணையிட்டான். அதன்படி கோயில் சுவரெங்கும் எழுத்து. கோயிலுக்காகக் குடியமர்த்தப்பட்ட நானூறு ஆடல்மகளிரின் பெயர்கள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். விளக்கேற்றுபவர், குடைபிடிப்பவர், தையற்காரர், தச்சர், பொற்கொல்லர், நாவிதர், துணி வெளுப்பவர் எல்லோருக்கும் அந்தச் சுவரில் இடம் உண்டு. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் உண்டு.

ஆனால் இந்த எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போன காலமும் இருந்தது. தலபுராணம் கரிகாலன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே இராஜராஜன் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது. விடை சுவரிலேயே இருந்தது, படித்துப் பார்ப்பார்தான் இல்லை. இதைக் கேட்ட குழந்தைகள் நிழல் விழாத கதைக்கு ஏங்கவே இல்லை. "தையற்காரர் பேரும் இருக்கா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

தஞ்சை தொலைவு. தில்லியில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பிரோஸ் ஷா கோட்லா என்றால் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். அதை ஒட்டிய பழைய கோட்டையின் உச்சியில் அசோகர் தூண் நிற்கிறது. இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ரா என்ற ஊரிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் அதைக் கொண்டுவந்தார். அக்கால வரலாற்றை எழுதிய அஃபீஃப் அதைப் படம்போல வருணித்திருக்கிறார். தூண் சாயும்போது உடையாமலிருக்க இலவம்பஞ்சைக் குவித்து மெத்தை போட்டார்கள். பிறகு நாணலும் தோலும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கரம் பூட்டிய வண்டியில் ஏற்றி யமுனைக்கு இழுத்து வந்து, படகில் ஏற்றித் தில்லியில் இறக்கினார்கள். தலையணைக்கு இலவம்பஞ்சு அடைப்பதைப் பார்த்திருக்கும் நம் குழந்தைகளுக்கு இதைவிடச் சுவையான கதை வேண்டுமா?

கதையின் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. தூணில் எழுத்து இருந்தது. யாருக்கும் படிக்க வரவில்லை. பண்டிதர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களில் சிலர், "பிற்காலத்தில் பிரோஸ் என்ற சுல்தான் தோன்றும்வரை இத்தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறது" என்று சொன்னார்களாம். கேட்பவர் மனம் குளிர என்ன வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டார்கள். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. வழிநெடுக மனிதருக்கும் கால்நடைக்கும் நிழல் தர ஆலமரம் வைத்தேன், கிணறு வெட்டினேன் என்று அசோகர் அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பண்டிதர்களைப் பற்றிக் குழந்தைகளிடம் சொன்னபோது அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தைப் படிக்காமலே கேட்பவருக்குப் பிடித்ததைச் சொன்னவர்கள் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

பெருமை வேண்டும் என்ற பெற்றோருக்கும் யமுனைக்கரையிலேயே விடை இருக்கிறது. டேராடூன் பக்கம் கால்சி என்ற ஊரில், யமுனைக் கரையில் ஒரு பாறை. அதிலே அசோகரின் கட்டளைகள். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும் கட்டளையில், தம் எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகச் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நம் வீட்டுக் குழாயில் வரும் யமுனை நீர், சோழன் பெயரும் பாண்டியன் பெயரும் பொறித்த பாறையைக் கடந்துதான் தில்லிக்கு வருகிறது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேலான சாட்சி. ஒரு நாள் பயணத்தில் கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பார்க்கலாம். உண்மையே இவ்வளவு அழகாக இருக்கும்போது கற்பனை எதற்கு?

"எல்லாவற்றையும் ஆராய்ந்தால் குழந்தைகளுக்குக் கதை சொல்வது எப்படி?" என்று என் வயதுத் தோழி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கதை சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையை இன்றும் சொல்கிறேன். குழந்தைகளும் அழுகிறார்கள். ஆனால் சொல்லும்போதே "இது நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை" என்கிறேன். கல்வெட்டுச் செய்தியைச் சொல்லும்போது "இது கல்லில் இருக்கிறது" என்கிறேன். இந்த வேறுபாடு குழந்தைகளுக்கு விளங்காது என்று நினைப்பது நம் தவறு. சொப்புச் சாமானில் சமைத்த சோற்றை நமக்கு ஊட்டிவிட்டு, பசித்தால் சமையலறைக்கு ஓடிவரும் குழந்தைக்கு விளையாட்டும் மெய்யும் நன்றாகவே தெரியும்.

இன்னொருவர் கேட்டார்: "பழைய காலத்தின் குறைகளையும் சொல்ல வேண்டுமா? பிஞ்சு மனத்தில் அதெல்லாம் எதற்கு?" இதற்கும் ஓர் அனுபவத்தையே விடையாகச் சொல்கிறேன். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்பவை. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் இடமில்லை.

வகுப்புத் தலைவரை அன்று குடவோலை முறையில்தான் தேர்ந்தெடுத்தோம். சங்கத்துச் சமையலறையிலிருந்து குடம் வந்தது. எல்லோரிலும் சிறிய குழந்தை சீட்டை எடுத்தது. ஒரே ஆரவாரம். பிறகு, குடத்தில் பெயர் போட யாருக்கெல்லாம் உரிமை இருந்தது என்று கல்வெட்டு சொல்வதையும் சொன்னேன். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். சொந்த மனையில் வீடு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். வேதப் பயிற்சி. அது அந்தணர் ஊர்ச்சபை. வகுப்பில் பேச்சு நின்றது. "அப்போ எங்கம்மா பேரைப் போட முடியாதா?" என்றது ஒரு குழந்தை. முடியாது. "நாங்க வாடகை வீட்டுலதானே இருக்கோம், எங்கப்பா பேரு?" முடியாது. "கோயில் தையற்காரர் பேரு?" அதுவும் முடியாது.

அந்தக் குழந்தைகள் உத்திரமேரூரை வெறுக்கவில்லை. பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் கணக்குக் காட்டாதவனை விலக்கிவைத்த ஊரை மெச்சவும் செய்தார்கள், அதன் குறை என்ன என்றும் கண்டுகொண்டார்கள். இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ள அவர்களால் முடிகிறது. மேடையில் "உலகின் முதல் மக்களாட்சி" என்று மட்டும் முழங்கியிருந்தால் நாளைக்கு ஒருவன் கல்வெட்டைப் படித்துவிட்டு, நிழலைக் கேட்டதுபோல அதையும் என்னிடம் கேட்பான். வளர்ந்த பின் கேட்கக்கூட மாட்டான், நம் பேச்சையே விட்டு விலகிவிடுவான். பிறமாநிலத்தில் வாழும் நமக்கு அஞ்ச வேண்டிய இழப்பு அதுதான். தமிழ் வகுப்புக்கு வராத பிள்ளையைப் பிறகாவது கூப்பிடலாம். "இவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான்" என்று விலகிய பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவது கடினம்.

சங்க நிர்வாகிகளிடமும் பெற்றோரிடமும் நான் வேண்டுவது சில செயல்களே. பெரும் பணம் தேவைப்படாதவை.

ஆண்டுக்கு ஒருநாள் 'பாத்திர நாள்' வைப்போம். பிள்ளைகள் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து அதன் வரலாற்றைக் கேட்டறிந்து சொல்லட்டும். சிறுவர் வினாடி வினாவில் ஆண்டுகளைக் கேட்பதோடு "இது எப்படித் தெரியும்?" என்றும் ஒரு சுற்று வைப்போம். கோட்லாவுக்கு ஒரு ஞாயிறும், முடிந்தால் கால்சிக்கு ஒரு விடுமுறை நாளும் அழைத்துப் போவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டு முதியவர்களைக் குழந்தைகள் பேட்டி காணட்டும். 1911இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். 1931இல் புதுதில்லி திறப்புவிழா கண்டது. அதையொட்டியும் அதற்குப் பின்னும் அரசு அலுவலகங்களை நம்பி இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! ஜி.டி. எக்ஸ்பிரஸில் கட்டுச்சாதத்தோடு வந்திறங்கியவர்கள், 1976இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது ஊர் பக்கத்தில் வந்துவிட்டதாக மகிழ்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வரலாறு எந்தப் பாடநூலிலும் வராது. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும். குழந்தைகள் எழுதும் பேட்டிகளை நம் இதழிலேயே வெளியிடலாம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தெரியாததைக் குழந்தை கேட்டால், "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பழகுவோம். தவறாகச் சொல்லியிருந்தால் "நான் சொன்னது தவறு" என்று வகுப்பின் முன் சொல்வோம். அந்தப் படத்தைப் பார்த்த ஞாயிறன்றே நான் அப்படிச் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் அது எளிதாக இல்லை. ஆனால் என் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதன் பிறகுதான் குழந்தைகள் என்னை மேலும் மேலும் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சிறுவன் இப்போது ஆறாம் வகுப்பு. வரும் விடுமுறையில் மறுபடியும் தஞ்சைக்குப் போகிறானாம். போன வாரம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"உச்சிவேளையில நிழல் உள்ளேயே அடங்கிடும்னு சொன்னீங்களே, பாட்டி, அதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்லையப்பா."

"சரி, நான் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் போட்டோ எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் சின்னப் பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.